எடை மேடையில் வந்த எட்டு

காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொப்பரை உலர்களம். அங்கிருக்கும் லாரி எடை மேடைக்கு பில் போடும் புரோகிராமை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நாலு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. போன பங்குனியில் ஒரு நாள் களத்துக்காரர் போன் செய்தார்.

“தம்பி, உங்க கம்ப்யூட்டரு எடையக் கூட்டிக் கூட்டிப் போடுதுங்க. ஒருக்காவாச்சும் கொறைச்சுப் போட்டிருந்தா மிஷினு கோளாறுன்னு உட்டுருவேன். கூடியேதான் வருதுன்னா அது மிஷின் வேலை இல்லீங்களே?”

அவர் தேங்காயும் கொப்பரையும் வாங்குகிறவர். எடை கூடினால் பணம் போவது அவர் கையிலிருந்து. பில் போடும் பையன் லாரிக்காரர்களோடு சேர்ந்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டார். பையன் எடையைத் திருத்த முடியாதபடி பூட்டுப் போட முடியுமா என்று கேட்டார். ஏற்கெனவே திருத்த முடியாதுங்ணா, அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். சொன்ன உடனே அவருடைய சந்தேகம் பையனை விட்டு என் பக்கம் ஒரு அடி நகர்ந்ததைக் குரலிலேயே கேட்டேன்.

சனிக்கிழமை கோயமுத்தூரிலிருந்து கிளம்பிப் போனேன். சந்தேகப்பட்ட பில்களை அவர் ஒரு கிளிப்பில் கோத்து வைத்திருந்தார். ஒன்றில் 18,560. லாரிக்காரர் காட்டிய வேறொரு எடை மேடைச் சீட்டில் 18,460. இன்னொன்றில் சரியாக 200 கிலோ அதிகம். மூன்றாவது பில்லைப் பார்த்ததும் எனக்குப் பையன் மேல் இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. அதில் 21,308 கிலோ என்று இருந்தது.

அந்த எடை மேடை 10 கிலோ படியில் ஓடுவது. 21,300 காட்டும், 21,310 காட்டும். கடைசி இலக்கம் எப்போதும் பூஜ்யம்தான். எட்டு வரவே வழியில்லை. ஏமாற்ற நினைக்கிறவன் 8 கிலோவுக்காக ஏமாற்ற மாட்டான். அதுவும் வரவே முடியாத இலக்கத்தைப் போட்டு மாட்டிக்கொள்ள மாட்டான்.

இதோடு பையன் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னான். வழக்கமாக வரும் லாரிகளுக்குக் காலி எடை பதிவிலேயே இருக்கும். நம்பர் போட்டால் தானாக வந்துவிடும். சில நாள் காலையில் அந்தக் காலி எடைக் கட்டத்தில் திடீரென்று 31,59,604 என்று வந்து நிற்குமாம். முப்பத்தொரு லட்சம் கிலோ. அவன் புரோகிராமை மூடித் திறந்து வேலையைத் தொடர்ந்திருக்கிறான். இதை ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “சொன்னா நாந்தான் என்னமோ பண்ணீட்டன்னு சொல்லுவாங்ணா” என்றான். சரிதான்.

அன்றைக்கு என் பையில் இருந்தவை: ஒரு லேப்டாப், ஒரு ஸ்குரூ டிரைவர் செட், யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று. பத்து வருஷமாக புரோகிராம் எழுதுகிறவன் பையில் ஒரு மல்டிமீட்டர்கூட இல்லை. நம்மில் பலர் அப்படித்தான். கம்பி வரைக்கும் போகிற பிழை வராதவரை அது குறையாகவே தெரிவதில்லை.

ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்து கருவிகளைத் தேடினேன். நாலு சேனல் ஆசிலாஸ்கோப் (கம்பியில் வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் படமாகக் காட்டும் கருவி), சீரியல் டேட்டாவைத் தானே பிரித்துக் காட்டும் வசதியோடு, தவணையில் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று இருந்தது. கூடையில் போட்டும் விட்டேன். பணம் கட்டுவதற்கு முன் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு ஒரு போன் போட்டேன். பீளமேட்டில் இருக்கிறார். டாஸ் காலத்து ஆள்.

“தப்பு எந்த எடத்துல உள்ள நுழையுதுன்னு பார்க்கோணும்? உன் புரோகிராமுக்குள்ளயா, புரோகிராமுக்கு வந்து சேர்றதுக்கு முந்தியா? அதைச் சொல்லு. அப்பறம் ஸ்கோப்பு வாங்கலாமா வேண்டாமான்னு பார்ப்போம்.”

எனக்குத் தெரியாது என்றேன். “அப்ப கூடையக் காலி பண்ணு. காசில்லாத கருவியில இருந்து ஆரம்பி” என்றார்.

அவர் சொன்ன காசில்லாத கருவி, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. இது கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் ஹார்டுவேர் டீபக்கிங், அதாவது ஹார்டுவேர் உதவியோடு பிழை தேடுவது என்றாலே வெளியே ஒரு பெட்டி வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதிலிருந்த 8088 பிராசசரில் பிழை தேட இருந்தவை இரண்டே வசதிகள். ஒன்று, கட்டளை கட்டளையாக நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது. இன்னொன்று, புரோகிராமில் ஒரு பைட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 204 என்ற பைட்டை வைப்பது. பிராசசர் அதைப் படித்ததும் நின்று, பிழை தேடும் புரோகிராமான டீபக்கரைக் கூப்பிடும். இன்றைக்கும் சாதாரண பிரேக்பாயிண்ட் என்பது அந்த 204தான். ஆனால் “இந்த மெமரி இடத்தை யார் மாற்றினாலும் என்னிடம் சொல்” என்று அந்தப் பிராசசரிடம் கேட்க முடியாது. அதற்காகவே அந்தக் காலத்தில் ஸ்லாட்டில் செருகும் போர்டுகள் விற்றார்கள். பிராசசரும் மெமரியும் பேசிக்கொள்ளும் கம்பிகளுக்கு பஸ் என்று பெயர். போர்டு அந்த பஸ்ஸை வேவு பார்க்கும். சொன்ன முகவரிக்கு எழுத்து வந்தால் பிராசசரை நிறுத்தும். கம்ப்யூட்டர் உறைந்துவிட்டாலும் உடைத்து உள்ளே நுழைய வயரோடு ஒரு பட்டனும் உண்டு. அதற்கும் மேலே போனால் பிராசசரையே கழற்றிவிட்டு அந்த சாக்கெட்டில், பிராசசர் போலவே நடிக்கும் எமுலேட்டரின் காலைச் செருகுவார்கள். அண்ணன் அந்த மாதிரிப் போர்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறாராம். அதன் விலையில் அன்றைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம் என்பது அவர் கணக்கு.

1985இல் வந்த 386, அந்த வேவு பார்க்கும் வேலையைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. டீபக் ரெஜிஸ்டர்கள் என்று பெயர். நான்கு முகவரிகளைக் கொடுக்கலாம். எழுதினால் மட்டும் நில், படித்தாலும் எழுதினாலும் நில் என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் 1, 2 அல்லது 4 பைட்டைக் காவல் காக்கும். 64 பிட்டில் 8 பைட். புரோகிராமின் வேகம் குறையாது. நாம் எல்லோரும் இதை வைத்திருக்கிறோம். பலர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கே களத்தில் இருந்தேன். லினக்ஸ் கம்ப்யூட்டர். ஜிடிபி என்ற டீபக்கரில், காலி எடையை வைத்திருக்கும் மாறியின் மேல் ‘வாட்ச்’ வைத்தேன். வைத்ததும் அது ‘ஹார்டுவேர் வாட்ச்பாயிண்ட்’ என்று பதில் சொல்கிறதா என்று பார்ப்பது முக்கியம். வெறும் ‘வாட்ச்பாயிண்ட்’ என்று சொன்னால் அது ரெஜிஸ்டரைப் பயன்படுத்தவில்லை, ஒவ்வொரு கட்டளையாக ஓட்டிப் பார்க்கப் போகிறது. நூறு மடங்குக்கும் மேல் மெதுவாகிவிடும். சீரியல் போர்ட்டில் டேட்டா கொட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வேகத்தில் ஓட்டினால் புதுப் பிழைகள்தான் வரும். லாரி நம்பர் போடும்போதெல்லாம் நியாயமாகவே காலி எடை மாறும் என்பதால், ஒரு லட்சத்துக்கு மேல் போனால் மட்டும் நில் என்று நிபந்தனையும் சேர்த்தேன்.

ஏழேகாலுக்கு நின்றது. காலி எடைக்குச் சம்பந்தமே இல்லாத இடம்: சீரியல் போர்ட்டிலிருந்து எழுத்துகளைப் படித்து பஃபரில், அதாவது அவற்றைச் சேர்த்து வைக்கும் மெமரி இடத்தில், போடும் என்னுடைய சின்ன லூப். (எழுதி முடித்த பிறகுதான் பிராசசர் நிற்கும். அதனால் ஜிடிபி காட்டும் வரிக்கு முந்தைய வரியைத்தான் பார்க்க வேண்டும். இது தெரியாமல் பத்து நிமிஷம் தவறான வரியை முறைத்துக்கொண்டிருந்தேன்.)

எடை காட்டும் இண்டிகேட்டர் ஒவ்வொரு தடவையும் எட்டு எழுத்து அனுப்பும். ஒரு கூட்டல் குறி, ஆறு இலக்கம், கடைசியில் வரி முடிந்தது என்பதற்கான 13. என் லூப் 13 வரும்வரை எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போகும். பஃபர் 12 பைட். எட்டுதானே வரப்போகிறது, பன்னிரண்டு தாராளம் என்று நாலு வருஷத்துக்கு முன் நினைத்திருக்கிறேன். நீளத்தைச் சரிபார்க்கவில்லை. பஃபருக்கு அடுத்த நாலு பைட்டில் உட்கார்ந்திருந்தது காலி எடை.

பஃபரைத் திறந்து பார்த்தேன். ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி ஒட்டிக்கொண்டு இருந்தது. நடுவில் 13 இருக்க வேண்டிய இடத்தில் 15. வரி முடிந்ததே லூப்புக்குத் தெரியவில்லை. அடுத்த வரியையும் சேர்த்து விழுங்கிவிட்டது. முதல் வரியின் எட்டு, இரண்டாவது வரியின் நாலு, அதோடு பன்னிரண்டு நிறைந்தது. மிச்சமிருந்த 4, 6, 0 என்ற மூன்று எழுத்தும் ஒரு முடிவுக் குறியும் காலி எடையின் மேல் போய் விழுந்தன. 31,59,604 என்பதைப் பதினாறடிமானத்தில் எழுதினால் 30 36 34. பின்னாலிருந்து படித்தால் ‘4’, ‘6’, ‘0’ ஆகியவற்றின் ஆஸ்கி எண்கள், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எண்கள். அந்த முப்பத்தொரு லட்சம் கிலோ, 18,460இன் வால்.

மெமரிப் பிழை தேடும் சானிடைசர், வால்கிரைண்ட் எல்லாம் இருக்கும்போது இதற்கு ஏன் வாட்ச்பாயிண்ட் என்று கேட்கலாம். பஃபரும் காலி எடையும் ஒரே ஸ்ட்ரக்சருக்குள், அதாவது பல மாறிகளை ஒன்றாகக் கட்டிய ஒரே மூட்டைக்குள் இருந்தன. ஒரே ஸ்ட்ரக்சரின் ஒரு உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்கு வழிந்தால் அந்தக் கருவிகளுக்குக் குற்றமாகத் தெரியாது. இதே களத்தில் அதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘பிழை எதுவும் இல்லை’ என்று வாங்கிக்கொண்டும் வந்திருந்தேன்.

லூப்பைத் திருத்த ஐந்து நிமிஷம். ஆனால் 13 ஏன் 15 ஆனது?

அன்றைக்கே வருகிற ஒவ்வொரு பைட்டையும் நேரத்தோடு ஒரு ஃபைலில் எழுதும்படி செய்துவிட்டு வந்தேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் பில்லில் ஒரே ஒரு தவறு. ஃபைலில் நானூறுக்கும் மேல் கெட்ட வரிகள். இண்டிகேட்டர் நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். பையன் பட்டனைத் தட்டும் நொடியில் வந்த வரி மட்டும்தான் பில்லுக்குப் போகும். அதனால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

கெட்ட பைட்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 13 போய் 15. 0 என்பதற்கு 8. 4 என்பதற்கு 5, இல்லை 6. 1 என்பதற்கு 9, சில தடவை 3. பிட்டுகளாக விரித்தால் ‘1’ என்பது 00110001. ‘9’ என்பது 00111001. ஒரு பூஜ்யம் ஒன்றாகியிருக்கிறது. ஃபைல் முழுக்க அப்படியே. ஒன்று பூஜ்யமானது ஒரு இடத்தில்கூட இல்லை. ஒரு எண்ணில் பூஜ்ய பிட்டை ஒன்றாக்கினால் அந்த எண் கூடத்தான் செய்யும்.

களத்துக்காரர் சொன்னது சரி. எடை கூடியேதான் வரும். அது மிஷின் வேலையேதான்.

எல்லாக் கெட்ட வரிகளும் காலை ஆறுக்கும் பத்துக்கும் நடுவில். லோடோடு வரும் லாரிகளை எடை போடுவது காலையில். இறக்கிவிட்டுக் காலியாக எடை போடுவது மதியத்துக்கு மேல். கூடுதலெல்லாம் லோடு எடையில் மட்டும் சேர்ந்ததற்கும் காரணம் அதுதான். காலையில் மட்டும் களத்தில் அப்படி என்ன நடக்கிறது என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது, ஆகா, லாஜிக் அனலைசர் (கம்பியில் போகும் ஒன்று, பூஜ்யங்களைப் பதிந்து காட்டும் கருவி) வாங்க ஒரு சாக்குக் கிடைத்தது என்று.

காந்திபுரத்தில் ஒரு கடையில் எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி அனலைசர் வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஆயிரம் ரூபாய்க்குள். சிக்ராக், பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளோடு சேர்ந்து ஓடும். இந்த வகைக்குச் சொந்த மெமரி கிடையாது. பிடித்ததை அப்படியே யூஎஸ்பி வழியாகத் தள்ளிவிடும். அதே ஹப்பில் வேறு எதையாவது செருகினால் அதிவேகத்தில் திணறி நின்றுவிடும். ஆனால் 2,400 பாட், அதாவது நொடிக்கு 2,400 பிட் ஓடும் சீரியலுக்கு 24 மெகாஹெர்ட்ஸ் எதற்கு? ஒரு பிட் 416 மைக்ரோ செகண்டு. 50 கிலோஹெர்ட்ஸில் வைத்தாலே ஒரு பிட்டுக்கு இருபது மாதிரி (சாம்பிள்) கிடைக்கும், ஒரு மணி நேரப் பதிவு 180 எம்பிக்குள் அடங்கும். அதே சமயம் இதை வைத்து யூஎஸ்பி கம்பியையே பார்க்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். அதன் பழைய 12 மெகாபிட் வேகத்துக்கே பிட்டுக்கு இரண்டு மாதிரிதான் மிஞ்சும். யூஎஸ்பியில் சந்தேகம் என்றால் முதலில் லினக்ஸின் யூஎஸ்பிமான், வயர்ஷார்க் என்ற மென்பொருள்கள், அதற்குக் காசில்லை.

வாங்கிக்கொண்டு போன உற்சாகத்தில் ஒரு வேலை செய்தேன். கம்ப்யூட்டருக்கு வரும் ஒன்பது பின் கனெக்டரைத் திறந்து, இரண்டாவது பின்னில் அனலைசரின் முதல் சேனலை நேராகப் போட்டேன். அனலைசர் பூஜ்யத்திலிருந்து 5 வோல்ட் வரை தாங்கும். ஆர்எஸ்-232 (இந்த சீரியல் கேபிளுக்கான தரத்தின் பெயர்) கம்பியில் சும்மா இருக்கும்போதே மைனஸ் வோல்ட் இருக்கும். ஒன்று என்பது மைனஸ் 3 முதல் மைனஸ் 15, பூஜ்யம் என்பது பிளஸ் 3 முதல் பிளஸ் 15. இது எனக்குத் தெரியாததல்ல, பரிட்சையில் எழுதியிருக்கிறேன். புகை வரவில்லை, வாசம்கூட வரவில்லை. முதல் சேனல் அன்றிலிருந்து எதைத் தொட்டாலும் பூஜ்யம் என்கிறது. மற்ற ஏழும் பிழைத்துக்கொண்டன.

அனலைசர் வாங்குகிறவர்கள் கூடவே ஒரு மேக்ஸ்3232 மாட்யூலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்எஸ்-232 வோல்டேஜை அனலைசர் தாங்கும் அளவுக்கு மாற்றிக் கொடுக்கும். நூறு ரூபாய் சமாச்சாரம். நான் மறுநாள் வாங்கினேன்.

லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு முதலில் எடை மேடைப் பக்கம் கேபினில், இண்டிகேட்டரின் வாயிலேயே பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரு பிட்கூடத் தப்பவில்லை. அப்புறம் நாற்பது மீட்டர் தள்ளி ஆபீஸில், கம்ப்யூட்டரின் வாயில். கம்ப்யூட்டர் 9 என்று படித்த இடத்தில் அனலைசரும் 9 என்றே படித்தது. ஆக இண்டிகேட்டர் யோக்கியம். என் புரோகிராம், போர்ட்டை இயக்கும் டிரைவர் மென்பொருள், கம்ப்யூட்டர் எல்லாம் யோக்கியம். இரண்டுக்கும் நடுவில் கம்பி.

இங்கேதான் அனலைசரின் எல்லை. அது ஒரு நீதிபதி மாதிரி. ஒன்று அல்லது பூஜ்யம் என்று தீர்ப்பு மட்டும் சொல்லும். கம்பியில் வந்தது நல்ல பூஜ்யமா, உயிர் ஊசலாடும் பூஜ்யமா என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமானால் ஸ்கோப்தான். அண்ணனிடம் இரண்டு சேனல் பழைய டிஜிட்டல் ஸ்கோப் ஒன்று இருந்தது. கொடுக்கும்போது, கம்பியைத் தொடும் அதன் முனையான புரோபைப் பற்றி ஒன்று சொன்னார்.

“புரோபோட கிரவுண்டு கிளிப்பு, பிளக்கோட எர்த்தோட சேர்ந்தது. கேபின் பக்கத்து கிரவுண்டுல கொண்டுபோய் மாட்டாத. ரெண்டு எடத்து எர்த்தையும் புரோபு வயர் வழியா சேர்த்து வெச்சீன்னா புரோபு போயிரும். நான் ரெண்டு போக்கியிருக்கேன்.”

அதனால் ஆபீஸ் பக்கம், கம்ப்யூட்டரின் சொந்த கிரவுண்டிலேயே கிளிப்பை மாட்டினேன். ஐந்தே முக்கால் மணி. திரையில் அழகான சதுர அலை: மேலே 5.5 வோல்ட், கீழே மைனஸ் 5.5. காப்பி குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குத் தோப்புப் பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்த நொடியே மொத்த அலையும் தூரி ஆடுவது போல மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. சதுரம் சதுரமாகவே இருந்தது. ஆனால் அது ஏறி உட்கார்ந்திருந்த தரை, 20 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை எழுந்து விழுந்தது. 20 மில்லி செகண்டு என்றால் 50 ஹெர்ட்ஸ். கரண்டு.

“அது என்ன சத்தம்?” என்று பையனிடம் கேட்டேன்.

“தோப்பு மோட்டாருங்ணா. காலையில ஆறுல இருந்து பத்து வரைக்குந்தான் திரீ பேஸு உடுறாங்க.”

ஸ்கோப்பை நிறுத்தி வைத்து அளந்தேன். மேலே 5.5இல் இருக்க வேண்டிய பூஜ்யம், அலை இறங்கும்போது 1.1 வோல்ட் வரை வந்தது. மைனஸ் 5.5இல் இருக்க வேண்டிய ஒன்று, அலை ஏறும்போது மைனஸ் 1.1 வரை. இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் ஆடுகிறது. பிறகு ஏன் பூஜ்யம் மட்டும் ஒன்றாகிறது?

ரிசீவர் சிப் தீர்ப்புச் சொல்லும் கோடு, நாம் நினைப்பது போல பூஜ்ய வோல்ட்டில் இல்லை. சுமார் 1.2க்கும் 1.7க்கும் நடுவில், பிளஸ் பக்கம் இருக்கிறது. கேபிள் கழன்றுபோய் கம்பியில் ஒன்றுமே இல்லாதபோது அதை ‘சும்மா இருக்கிறது’, அதாவது ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் மைனஸ் 1.1 இன்னும் சந்தேகமில்லாத ஒன்று. பிளஸ் 1.1 கோட்டுக்குக் கீழே போய்விட்ட பூஜ்யம். அதையும் ஒன்று என்றே படிக்கும். ஒரு சிப்பின் உள்ளே ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் தள்ளி வைத்த ஒரு கோட்டால், பில் போடும் பையன் மூன்று மாதம் திருடன் பட்டம் சுமந்திருக்கிறான்.

இனி ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் மிச்சம். அதற்குள் மல்டிமீட்டரும் வாங்கியிருந்தேன். பீப் சத்தத்தில் வைத்து நாற்பது மீட்டர் கேபிளைச் சோதித்தேன். இரண்டாவது பின்: பீப். ஐந்தாவது பின், அதாவது கிரவுண்டு: மௌனம். கம்ப்யூட்டர் பக்கத்து கனெக்டரின் கூட்டைக் கழற்றினேன். பற்றவைத்த இடத்திலேயே கம்பி முறிந்து, பார்த்தால் ஒட்டியிருப்பது போல நின்றுகொண்டிருந்தது. தினமும் கூட்டிப் பெருக்கும்போது சிபியூவை இழுத்து இழுத்து வைப்பார்கள். எத்தனை நாள் தாங்கும்.

கிரவுண்டு கம்பியே இல்லாமல் எப்படி இத்தனை நாள் ஓடியது? இண்டிகேட்டரும் கம்ப்யூட்டரும் அதனதன் பிளக்கில் எர்த் ஆகியிருந்தன. கிரவுண்டு கம்பி செய்ய வேண்டிய வேலையை மண் செய்துகொண்டிருந்தது. மோட்டார் ஓடாதபோது இரண்டு எர்த்தும் ஏறத்தாழ ஒன்று. மோட்டார் ஓடினால் கேபின் எர்த் ஆடும். முறிந்த கம்பியின் இரண்டு முனைக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன்: 3.1 வோல்ட் ஏசி. உச்சம் கணக்கிட்டால் 4.4. ஸ்கோப்பில் 5.5 இறங்கி 1.1 ஆனதும் அதே 4.4.

அந்த மீட்டர் 400 ரூபாய். முதல் சனிக்கிழமை பையில் இருந்திருந்தால் முறிந்த கம்பியை அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். எடை ஏன் கூடியே வந்தது என்பது மட்டும் புதிராகவே இருந்திருக்கும். அதை அவருக்கு விளக்காமல் பையனைக் காப்பாற்றியிருக்கவும் முடியாது.

கம்பியைப் பற்றவைத்தேன், கூட்டுக்குள் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பையும் போட்டேன். அது மட்டும் போதாது: இப்போது இரண்டு எர்த்தையும் ஒல்லிக் கம்பி ஒன்று சேர்க்கிறது, வித்தியாசம் இருக்கும்வரை அதில் கரண்டு ஓடும். அதனால் கம்ப்யூட்டர் பக்கம் ஒரு ஆப்டோ ஐசொலேட்டர் வைத்தேன். டேட்டா ஒளியாகத் தாண்டும், கிரவுண்டு தாண்டாது. இண்டிகேட்டரின் செட்டிங்கை 8 பிட், பாரிட்டி இல்லை என்பதிலிருந்து 7 பிட், ஈவன் பாரிட்டி என்று மாற்றினேன். பாரிட்டி என்பது ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வரும்படி சேர்க்கும் ஒரு காவல் பிட். மொத்த பிட் எண்ணிக்கை அதேதான், ஆனால் ஒற்றை பிட் புரண்டால் தெரிந்துவிடும். இரண்டு பிட் ஒன்றாகப் புரண்டால் பாரிட்டி ஏமாந்துவிடும் என்பதால், புரோகிராமில் தொடர்ந்து மூன்று வரி ஒரே எடை வந்தால்தான் பில் என்று வைத்தேன். இது நாலு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

மோட்டாரைத் தொட நான் ஆள் இல்லை. எர்த் மூன்று வோல்ட் ஆடுகிறது என்றால் எங்கோ கரண்டு கசிகிறது, உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்று களத்துக்காரரிடம் சொன்னேன். போர்வெல் கேபிளின் ஜாயிண்ட்டில் தண்ணீர் இறங்கியிருந்ததாகவும், கேபின் எர்த் குழி வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்ததாகவும் பிறகு போன் செய்தார்.

இந்த வேலைக்கு வாங்கியவற்றில் வீண் என்று ஒன்றும் இல்லை. வீணானது அதற்கு முந்தைய வருஷம் வாங்கிய போஸ்ட் கார்டு. கம்ப்யூட்டர் உயிர்பெறும்போது (பதினாறடிமானத்தில்) 80ஆம் நம்பர் போர்ட்டுக்கு எழுதும் குறியீட்டை இரண்டு இலக்கமாகக் காட்டும் அட்டை. நல்ல கருவிதான், நான் வாங்கியது பழைய பிசிஐ ஸ்லாட்டுக்கானது, என்னிடம் வரும் போர்டுகளில் அந்த ஸ்லாட்டே இல்லை. ஸ்கோப் இன்னும் வாங்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை தேவைப்படும் பொருள், அண்ணன் வீடு பஸ்ஸில் அரை மணி நேரம். வாங்கும் நாள் வந்தால் இரண்டு சேனல், 50 மெகாஹெர்ட்ஸ் போதும்; சேனலை விட, அதிக நேரம் பிடித்து வைக்கும் மெமரிக்குத்தான் காசு கொடுப்பேன்.

மூன்று வாரம் கழித்து ஃபைலை எடுத்துப் பார்த்தேன். கெட்ட வரி ஒன்றும் இல்லை. களத்துக்காரர் பழைய ஃபைலில் இருந்து கூடுதலாகப் பணம் போன பில்கள் எவையென்று எடுத்துக் கேட்டார். பைட்டுகளைப் பதிய ஆரம்பித்த பிறகு நடந்தது ஒன்றே ஒன்று. அதற்கு முந்தியவற்றுக்கு அவர் கிளிப்பில் கோத்த சீட்டுகள் மட்டும்தான் சாட்சி. கொஞ்ச நேரம் அவற்றைப் புரட்டிவிட்டு மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். “உடுங்க தம்பி. லாரிக்காரனுக்கு ரெண்டு டயரு வாங்கிக் குடுத்ததா இருக்கட்டும்” என்றார். பையனிடம் அவர் என்ன பேசினார், பேசினாரா என்று எனக்குத் தெரியாது. நான் கிளம்பும்போது அவன் ஒரு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் கேபின் எர்த் குழியில் ஊற்றிக்கொண்டிருந்தான்.